உரோமர் வளர்த்த அங்கதச் செய்யுள்

ஒவ்வோர் இனத்தாரும் தம் இலக்கியத்தில் ஏதேனும் ஒரு துறையைத் தமக்கே சிறந்ததெனப் பாராட்டுதல் உலகியல்பு. இவ்வகையில் உரோமர் பெரிதும் அடக்கமுடையவர். காப்பியத்தையும் நாடகத்தையும் இசைப்பாடலையும் சொற்பொழிவுக் கலையையும் தாம் கிரேக்கரிடமிருந்து பெற்றதை அவர்கள் மறைத்திலர். கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் சொல்வன்மை கற்பித்த குவிந்திலியன் என்னும் பேராசிரியர், கிரேக்க நூல்களையும் இலத்தீன் நூல்களையும் துறைதோறும் எதிரெதிரே நிறுத்தி எடைபோட்டார். ஏனைய துறைகளில் எல்லாம் நடுவுநிலையோடு ஏற்றத்தாழ்வு கூறிச் சென்ற அவர், அங்கதத்துக்கு வந்தவிடத்து, இது முழுவதும் உரோமருடையதே என்னும் கருத்துப்பட ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டார். உரோமரின் இலக்கியப் பெருமிதம் முழுவதும் அவ்வொரு துறையில் வந்து தங்கியமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

அங்கதம் என்னும் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அதனை எடுத்தோதி, செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது முன்னையது. அதனை வசை என்றும் வழங்குவர். பழியை உள்ளே கரந்து, புகழ்போலவோ பிறிதொன்று போலவோ மொழிவது பின்னையது. இலக்கணம் இவ்வளவு தெளிவாக முற்பட அமைந்திருந்தும், அங்கதத்தையே பொருளாகக் கொண்ட நூல்கள் வழிவழியாகத் தோன்றிய வரலாறு தமிழிற் குறைவு. உரோமரிடத்தோ இலக்கியம் முன்னே நடந்தது. இலக்கணம் பின்னே வந்தது. லூசீலியஸ், ஹொறேஸ், பேர்சியஸ், யூவனல் என்னும் நால்வர் ஏறத்தாழ 250 ஆண்டு எல்லைக்குள், தமக்கு முற்பட்டோரை நினைவுகூர்ந்து, அத்துறையை வளர்த்தனர். பழிச்சொல் எப்பொழுது இலக்கியமாகும் என்னும் வினாவுக்கு அவ்வரலாறு விடை தருகின்றது. தொல்காப்பியர் தந்த கோலைக் கொண்டே அதனை அளந்து காணலாம்.

மேனாட்டு இலக்கியத்தைத் தமிழ்க் கோலால் அளக்கும் இம்முறைக்குக் கீழைக்கரையிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1926 இல் வெளிவந்த மதங்க சூளாமணியில், ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபின் சொற்களால் விளக்கிக் காட்டினார். அயல் இலக்கியத்தைக் கற்றலின் பயன் தன் இலக்கியத்தைத் தெளிவாகக் காண்டலே என்பது அந்நூல் உணர்த்தும் பாடம்.

பெயரும் பிறப்பும்

அங்கதத்தை உரோமர் ‘சத்துரா’ என்றனர். அச்சொல்லின் பிறப்பை அவர்தம் இலக்கண நூலாரே பலவாறு உரைத்தனர். தெய்வத்துக்கு முதல் விளைச்சலின் பல பண்டங்களையும் நிறைத்துப் படைக்கும் தட்டின் பெயர் அது என்பர் ஒருசாரார். பல பொருள்களைக் கலந்து செய்த உணவின் பெயர் என்பர் மற்றொருசாரார். பாதி ஆடும் பாதி மனிதருமாகக் கிரேக்கர் கற்பனை செய்த வனதேவர் பெயரோடு இதனைத் தொடர்புபடுத்தினோரும் உளர். ஒலியொப்புமை பற்றி எழுந்த இம்மயக்கம் நெடுங்காலம் ஐரோப்பியரிடையே நிலவியது. வனதேவர் ஆடும் கிரேக்க நாடகம் வேறு, உரோமரின் அங்கதம் வேறு என்பதை ஐசக் கசோபன் என்னும் அறிஞர் 1605 இல் நூலெழுதி நிலைநாட்டினார்.

நிறைதட்டு என்னும் பொருளே இத்துறையின் இயல்புக்குப் பொருந்துவது. கி. மு. 239 முதல் 169 வரை வாழ்ந்த என்னியஸ் என்னும் புலவர், பல யாப்பிலும் பல பொருளிலும் பாடிய பாக்களைத் தொகுத்து அதற்குச் ‘சத்துரா’ எனப் பெயரிட்டார். அவற்றுட் சில அடிகளே இன்று கிடைக்கின்றன. அவர் காலத்திற் பெயர் தோன்றிவிட்டது. பழித்தல் என்னும் பண்பு அதன் உயிராக இன்னும் அமையவில்லை.

பழிக்கும் பண்பின் வேரை நாட்டுப்புறத்தே காணவேண்டும். இத்தாலிய உழவர் அறுவடை விழாவிலும் மணவிழாவிலும் ஒருவரையொருவர் பாட்டால் ஏசிக்கொள்ளும் வழக்கம் உடையர். அப்பாட்டுகள் ‘பெசனைன்’ பாட்டுகள் எனப்பட்டன. வெற்றியுலா வரும் படைத்தலைவனை அவன் வீரரே எள்ளிப் பாடுதலும் உரோமரின் மரபு. உலகையே நடுக்கிய யூலியஸ் சீசரின் வழுக்கைத் தலையையும் ஒழுக்கக் குறைகளையும் அவர்தம் வீரர் வெற்றியுலாவிலே பாடிச் சிரித்தனர்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வழக்குகளை அறிந்தோர்க்கு இது வியப்புத் தராது. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். வடசேரி கோவலன் கட்சி என்றும் தென்சேரி கண்ணகி கட்சி என்றும் கூறுதல் மரபு. இரு கொம்புகளைக் கொளுவி இழுத்து, எதிர்க்கட்சியின் கொம்பு முறிந்ததும், வென்றவர் தோற்றவரை எள்ளிப் பாடுவர். அம்மனுக்குரிய விழாவிலே ஏச்சும் ஒரு பகுதியாக அமைகின்றது. வழிபாட்டின் காவலில் பழிப்புக்கு உரிமை கிடைத்தமை ஈரிடத்தும் ஒன்றே. வித்துகள் ஒன்றாயிருந்தும் உரோமரிடத்து அது நூலாக முளைத்தது எங்ஙனம் என்பதே அடுத்து எழும் வினா.

இதற்குரிய விடையின் ஒரு பகுதியை ஹொறேஸ் தருகின்றார். உழவரின் விளையாட்டுப் பழிப்பு நாளடைவில் நஞ்சேறி, குற்றமற்ற குடும்பங்களைக் கடிக்கத் தொடங்கிற்றென்றும், அதனால் சட்டம் இடைப்புகுந்து தீய பாட்டுக்குத் தண்டம் விதித்ததென்றும், அவ்வச்சத்தால் புலவர் இனிமையாகப் பேசக் கற்றனரென்றும் அவர் உரைக்கின்றார். கி. மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பெற்ற பன்னிரு பலகைச் சட்டத்தில் இத்தண்டம் இடம்பெற்றது. உரோமரின் அங்கதம் சட்டத்தின் நிழலிலேயே வளர்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பெயர் சுட்டிப் பழித்தவர்

அங்கதத்துக்கு உருவும் உயிரும் கொடுத்தவர் லூசீலியஸ். கம்பானியா நாட்டெல்லையிலுள்ள சுவெசா என்னும் ஊரிற் பிறந்து, கி. மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். நிலபுலம் மிக்க குதிரைவீரர் வகுப்பினர். கார்த்தேசை அழித்த சிப்பியோவின் நண்பராகி, நுமாந்தியா முற்றுகையில் அவரோடு பணியாற்றினார். அவர் இயற்றிய நூல் 30 பகுதிகளையுடையது. அதில் ஏறத்தாழ 1300 அடிகளே எஞ்சின. அவையும் பிற்கால இலக்கண ஆசிரியர் அருஞ்சொல்லுக்கு எடுத்துக்காட்டாகத் துண்டு துண்டாக ஆண்டமையால் பிழைத்தவை.

துண்டுகளாயினும் அவற்றில் ஒரு மனிதரின் குரல் கேட்கின்றது. உணவு, பயணம், எழுத்திலக்கணம், காதல், அரசியல் எல்லாம் அவர் பேச்சுக்குப் பொருளாயின. ஆட்சி மன்றின் முதல்வராயிருந்த லூப்பஸ் போன்ற பெரியோரையும் அவர் பெயர் சுட்டிப் பழித்தார். தொல்காப்பியர் வகுத்த செம்பொருள் அங்கதத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இத்துணிவுக்குக் காரணம் யாது? லூசீலியஸ் தம் உணவுக்கு எவர் கையையும் எதிர்பார்த்திலர். அவருக்குப் பின்னே சிப்பியோவின் நட்பு இருந்தது. குடியாட்சியில் பெரியோர் தம்முள் பகைத்துப் பிரிந்திருந்தனர். ஒரு கட்சியின் பகைவரைப் பழிப்பார்க்கு மறுகட்சி அரணாயிற்று. எனவே அவர் துணிவைப் போற்றும்போது அத்துணிவுக்கு இருந்த வேலியையும் உடன் காணுதல் முறை.

லூசீலியஸ் செய்த மற்றொரு செயல் இலக்கிய வரலாற்றில் இதனினும் நிலைத்தது. பல யாப்புகளிற் பாடத் தொடங்கிய அவர், பின்னர் ஹோமர் காப்பியம் பாடிய அறுசீரடி யாப்பையே அங்கதத்துக்கு உரிமையாக்கினார். தேவரும் வீரரும் உலாவிய யாப்பிலே சந்தைக் கூச்சலும் சமையல் மணமும் புகுந்தன. பின்வந்த மூவரும் இவ்யாப்பையே கையாண்டனர்.

தன்னையும் உட்படுத்தியவர்

ஹொறேஸ் கி. மு. 65 இல் வெனூசியாவிற் பிறந்தார். அவர் தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். கி. மு. 42 இல் பிலிப்பிப் போரில் புரூட்டஸின் பக்கத்தே நின்று தோற்றார். தந்தைவழி நிலத்தை இழந்தார். அரசின் நிதிச்சாலையில் எழுத்தர் பதவியொன்றைப் பெற்று வாழ்ந்தார். பின்னர் மைசேனஸின் நட்பால் நிலைபெற்றார். தோற்ற கட்சியைச் சேர்ந்த, குலப்பெருமை இல்லாத ஒருவர் லூசீலியஸ் போலப் பேசுதல் இயலாது. அங்கதத்தின் வரலாற்றில் இவ்வியலாமையே ஒரு திருப்பமாயிற்று.

அவர் இயற்றிய இரு தொகுதிகளில் 18 பாக்கள் உள்ளன. அவற்றை அவர் ‘உரையாடல்கள்’ என்று பெயரிட்டழைத்தார். இவ்வகைச் செய்யுள் கவிதைதானோ என்னும் ஐயத்தையும் அவரே எழுப்பினார்: அடிகளைக் குலைத்துச் சொற்களை உரைநடை வரிசையில் வைத்தால் வெறும் பேச்சே எஞ்சும் என்றார். அடக்கம்போலத் தோன்றும் இக்கூற்றில் ஒரு கொள்கை பொதிந்துள்ளது. பேச்சின் இயல்பு கெடாமல் யாப்பில் நிறுத்துதல் எளிதன்று. லூசீலியஸ் ஒரு காலில் நின்றபடியே மணிக்கு 200 அடி பாடி, கலங்கல் நீர்போல் ஓடினார் என்று ஹொறேஸ் குறை கூறியதும் இதனாலேயே. பழிப்பவன் தன் சொல்லைத் தானே திருத்தவேண்டும் என்னும் கடமையை அங்கதத்துக்கு விதித்தவர் அவர்.

பழிப்புக்குரிய பயிற்சியைத் தம் தந்தையிடமே பெற்றதாக அவர் கூறுவது உருக்கமானது. ஊதாரியாய் அழிந்த ஒருவனை நேரிற் காட்டி, இவனைப் போலாகாதே என்று அறிவுறுத்துவது தந்தையின் முறை. அப்பழக்கமே பின்னர்ப் பாட்டாயிற்றாம். கல்லாத ஒரு தந்தையின் அறவுரையே ஹொறேஸின் அங்கதத்துக்கு அடித்தளம்.

தம் உரிமையின் எல்லையையும் ஹொறேஸ் நன்கறிவார். இரண்டாம் தொகுதியின் முதற் பாட்டில் திரெபாத்தியஸ் என்னும் சட்ட அறிஞரிடம் சென்று, எழுதலாமோ என ஆலோசனை கேட்கின்றார். தீய பாட்டுக்குச் சட்டத்தில் தண்டம் உண்டு என அவர் எச்சரிக்க, நல்ல பாட்டாயிருந்து சீசரும் புகழ்ந்தால் என்னாகும் எனச் சொல்லை மாற்றிச் சிரிக்கின்றார் புலவர். வழக்கு நகைப்பில் முடிகின்றது. அந்நகைப்பின் அடியில் ஓர் உண்மை உண்டு: இனிப் புலவனுக்கு அரண் சட்டமன்று, சீசரின் முகக்குறிப்பே.

இந்நிலையில் ஹொறேஸ் கண்ட வழி மிகப் பெரியது. ஆளைப் பழிப்பதினின்றும் இயல்பைப் பழிப்பதற்கு அவர் திரும்பினார். பழிக்கப்படுவோர் வரிசையில் தம்மையும் நிறுத்தினார். அடிமைகளுக்குப் பேச்சுரிமை தரும் சனித்தெய்வ விழாவில், தாவஸ் என்னும் அடிமை தம் தலைவர் ஹொறேஸையே குற்றங்கூறும் பாட்டு இதற்குச் சிகரம். உரோமையில் இருக்கும்போது நாட்டுப்புறத்தை ஏங்குவதும், நாட்டுப்புறம் சென்றதும் நகரைப் புகழ்வதும், மைசேனஸின் அழைப்பு வந்தவுடன் விளக்குக்கு எண்ணெய் கேட்டுக் கூவி ஓடுவதும் எவருடைய செயல் என்று அவன் வினவுகின்றான். பல ஆசைகளுக்கு அடிமையானவர் தலைவரா, ஒருவருக்கே அடிமையானவன் தலைவனா என்னும் வினாவுக்குத் தலைவரிடம் விடையில்லை. கல்லை எடு, அம்பை எடு என்று அவர் சினந்து கூவுவதோடு பாட்டு முடிகின்றது. தன் தோல்வியைத் தானே பாடிய புலவனைப் படிப்போர், தம் நெஞ்சையும் ஒருமுறை தடவிப் பார்ப்பர்.

கரந்து மொழிந்தவர்

பேர்சியஸ் கி. பி. 34 இற் பிறந்து 28 வயது நிரம்புமுன் மறைந்தவர். எத்துருரியா நாட்டுச் செல்வக் குடியினர். தோயிக்கு நெறி கற்பித்த கோர்நூட்டஸின் மாணவர். அவர் விட்டுச்சென்றவை ஆறு பாக்களே. அடிகள் ஏறத்தாழ 650. நீரோ மன்னன் ஆட்சியில், அம்மன்னனே தன்னைக் கவிஞனெனக் கருதிய காலத்தில், அவர் கவிதைப் போலிகளைப் பழித்துப் பாடினார். கழுதைச் செவியுடைய மைதாஸ் அரசனைக் குறித்த அடியொன்றை, நீரோ தன்னைச் சுட்டியதாகக் கருதக்கூடுமென அஞ்சிக் கோர்நூட்டஸ் மாற்றியமைத்தார் எனப் பழைய வரலாறு ஒன்று கூறும். பழிகரப்பு அங்கதம் தோன்றும் சூழலை இதனினும் நன்கு விளக்கும் கதை அரிது.

அவர் நடை செறிந்து இருண்டது, உரையின்றி விளங்காது. தம் நூலை எவர் படிப்பர் என்று அவரே முதற் பாட்டிற் கேட்டுக்கொள்கின்றார். எனினும் மூன்றாம் பாட்டின் தொடக்கத்தை எக்காலத்து மாணாக்கரும் இனங்கண்டு நகைப்பர். பலகணிப் பிளவுகளில் வெயில் நுழைந்தும் குறட்டை விடும் இளைஞன் ஒருவன், எழுப்பப்பட்டதும் ஏடெடுக்கின்றான். மை மிகத் தடித்துவிட்டதென்பது முதற் குறை. நீர் விட்டபின் மிக நீர்த்துவிட்டதென்பது அடுத்த குறை. குற்றம் எல்லாம் மையினது. சோம்பல் எவருடையதும் அன்று. ஒரு நூலளவே பாடினும் உண்மையான புகழ் பெற்றவர் என்று குவிந்திலியன் அவரை மதிப்பிட்டது பொருத்தமே.

இறந்தோரைப் பழித்தவர்

யூவனல் கி. பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியிலும் இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்தவர். அவர் பாடியவை 16 பாக்கள். இறுதிப் பாட்டு முற்றுப்பெறவில்லை. கொடுங்கோலனான டொமிஷியன் கி. பி. 96 இற் கொல்லப்பட்ட பின்னரே அவர் குரல் எழுந்தது. தம் கவிதையைப் பிறப்பிப்பது சினமே என்று முதற் பாட்டில் முழங்கிய அவர், அப்பாட்டின் முடிவில் ஒரு வரம்பு கட்டுகின்றார். உரோமாபுரியின் பெருஞ்சாலைகளின் ஓரத்தே சாம்பலாகிக் கிடப்போரை மட்டுமே பழித்துப் பார்ப்பதாக அவர் கூறுகின்றார்.

சிங்கம்போல் எழுந்தவர் கல்லறையை நோக்கித் திரும்பியமை கண்டு நகைத்தோர் உளர். ஆயின் தொல்காப்பியர் கோலால் அளக்குமிடத்து இதன் நுட்பம் புலனாகும். இறந்தோரைப் பெயர் சுட்டிப் பழித்தல் வடிவத்திற் செம்பொருள். வாழ்வோரில் அதே குற்றமுடையார்க்கு அதுவே பழிகரப்பு. இரண்டு வகையையும் ஒன்றனுள் ஒன்றாக மடித்து வைத்த சூழ்ச்சி யூவனலுடையது.

அவரது நான்காம் பாட்டு இதற்குச் சான்று. அங்கோனாக் கடலிற் பிடிபட்ட ஒரு பெருமீன் டொமிஷியனிடம் கொண்டுவரப்படுகின்றது. அதற்கேற்ற பாத்திரம் அரண்மனையில் இல்லை. மன்னன் தன் அமைச்சர் அவையை அவசரமாகக் கூட்டுகின்றான். வெளிறிய முகத்தோடு பெரியோர் ஓடிவருகின்றனர். கண்ணிழந்த அமைச்சரொருவர் எல்லாரினும் மிகுதியாக மீனை வியந்து புகழ்கின்றார். அவர் முகம் இடப்பக்கம் நோக்கியிருக்கின்றது, மீனோ வலப்பக்கம் கிடக்கின்றது. புதிய பாத்திரம் வனைய முடிவாகின்றது. இத்தகைய வீண் செயல்களிலேயே அவன் காலமெல்லாம் கழித்திருக்கலாகாதா, எத்துணை நல்லுயிர்கள் பிழைத்திருக்கும் என்று புலவர் முடிக்கும்போது நகைப்பு உறைந்து விடுகின்றது. கொடுங்கோலின் கீழ் அறிவுடையோர் எவ்வாறு சிறுமையடைவர் என்பதை வரலாற்று நூல்களும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஏழையின் துயரைப் பாடும் இடங்களிலும் யூவனலுக்கு நிகர் எவருமில்லை. மூன்றாம் பாட்டில் ஊம்பிரீசியஸ் என்னும் நண்பர் உரோமாபுரியை விட்டு வெளியேறுகின்றார். இடிந்துவிழும் மாடிவீடுகள், தீ, இரவில் பலகணியிலிருந்து தலையில் விழும் பானைகள், வழிப்பறி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அவர் எண்ணிக் காட்டுகின்றார். வறுமையின் கொடுமைகளுள் கொடியது அது மனிதனை நகைப்புக்கிடமாக்குவதே என்னும் கருத்து அங்கு வருகின்றது. சில ஏடுகளன்றி வேறு உடைமையில்லாத ஏழை தீயில் அனைத்தையும் இழந்தால் ஒரு பிடி சோறு தருவாரில்லை. செல்வன் வீடு எரிந்தாலோ இழந்ததினும் மிகுதியாக நன்கொடை வந்து குவிகின்றது.

ஏழாம் பாட்டில் அவர் காட்டும் ஆசிரியர் நிலையும் மறக்கத்தக்கதன்று. இலக்கண ஆசிரியரின் சிறு ஊதியத்திலும் மாணாக்கனின் காவலாளும் பணம் எண்ணிக் கொடுப்பவனும் தத்தம் பங்கைக் கிள்ளிக்கொள்கின்றனர். காப்பியத் தலைவனின் தந்தைக்குப் பாலூட்டிய செவிலியின் பெயரையும் வழியிற் கேட்டவுடன் அவர் சொல்லவேண்டும். ஆண்டு முழுவதும் உழைத்து அவர் பெறுவது, வெற்றிவீரனொருவனுக்கு ஒரே நாளில் மக்கள் அளிப்பது.

இருவருள் எவர்?

ஹொறேஸும் யூவனலும் அங்கதத்தின் இரு துருவங்கள். யூவனலின் வேகத்தில் மயங்கி அவரையே அங்கதத்தின் முடியெனக் கொள்வோர் பலர். ஆங்கிலப் புலவர் சாமுவேல் ஜோன்சன் 1738 இலும் 1749 இலும் வெளியிட்ட இரு பெரும் பாக்கள் யூவனலின் மூன்றாம், பத்தாம் பாக்களைத் தழுவியவை. அவ்வாற்றலை எவரும் மறுத்தற்கில்லை.

எனினும் ஒரு குறையைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. யூவனலின் பாக்களில் பழிப்பவர் தம்மைக் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்துவது அரிது. தம்மை விலக்கிக்கொண்ட சினம் எவர்மேலும் பாயும். மூன்றாம் பாட்டிலே ஏழைக்காக வருந்தும் அதே குரல், உரோமாபுரிக்குப் பிழைக்க வந்த கிரேக்கரையும் சிரியரையும் ஓர் இனமாகத் திரட்டித் தூற்றுகின்றது. ஆறாம் பாட்டு பெண்குலம் முழுவதையும் அவ்வாறே தூற்றுகின்றது. அவர் கற்பித்த பாத்திரங்களின் பேச்சே அது, புலவரின் கருத்தன்று எனச் சிலர் அமைதி கூறுவர். அவ்வாறு கொள்ளினும், அப்பேச்சைக் கேட்டு மகிழ்வோரை அந்தப் பாட்டு தடுத்து நிறுத்தவில்லை. டொமிஷியனின் அவையைப் பழித்தபோது யூவனல் வலியோரை நோக்கி மேலே எறிந்தார். அயலாரைப் பழித்தபோது எளியோரை நோக்கிக் கீழே எறிந்தார். முன்னையதில் அவர் பெருங்கவி, பின்னையதில் ஊர்வம்பன்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கல்முனை முதல் தம்பிலுவில், திருக்கோவில் வரை தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் கரையோரத்தில், அயலூரான் பேச்சையும் உணவையும் உடையையும் வைத்து நகைத்தல் எவர்க்கும் எளிது. அதற்குக் கைதட்டலும் உடனே கிடைக்கும். தன் ஊரின் குறையைத் தன் ஊரார் முன்னே சொல்லுதலே அரிது. அங்கதம் என்னும் பெயர்க்கு உரியது அவ்வரிய செயல் ஒன்றே. தாவஸைத் தம் முன்னே நிறுத்திப் பேசவிட்ட ஹொறேஸே இத்துறையின் அறத்தை முழுமையாக உணர்ந்தவர் எனலாம்.

காப்பியத்தின் உடையும் தமிழ் அங்கதமும்

இலத்தீன் இலக்கியத்தில் அங்கதம் பெற்ற இடம் எத்தகையது என்பது இப்போது தெளிவாகும். காப்பியம் உரோமரின் கனவைக் காட்டிற்று; அங்கதம் அவர்தம் தெருவைக் காட்டிற்று. இரண்டுக்கும் யாப்பு ஒன்றாயிருந்தமையால் அங்கதத்தின் ஒவ்வோர் அடியிலும் காப்பியத்தின் எதிரொலி கேட்டது. மீன்பாட்டில் கலைமகளை அழைத்து யூவனல் காப்பு மொழிவது போன்ற இடங்களில் இவ்வெதிரொலியே நகைச்சுவைக்கு நிலைக்களம். உயர்ந்த யாப்பு தாழ்ந்த பொருளை மேலும் தாழ்த்திக் காட்டிற்று.

தமிழிலும் அங்கதம் நூலாக விரிந்தபோது இவ்வழியையே நாடியமை குறிப்பிடத்தக்கது. 19 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நட்டுவச் சுப்பையனார் வண்ணார்பண்ணைக் கோயிற் கணிகையொருத்தியை நாடிச்சென்ற ஊர்ப் பெரியோரை எள்ளிப் பாடிய நூலுக்குக் கனகி புராணம் என்பது பெயர். தெய்வத்தின் பெருமை பேசும் புராண வடிவம் ஊரின் சிறுமை பேச வந்தது. லூசீலியஸின் நூல்போல இதுவும் சிதைந்து, சில செய்யுள்களே எஞ்சியுள்ளன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, மருமக்களுக்கே சொத்துரிமை அளித்த வழக்கத்தைச் சாடிய நூலுக்கு நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம் எனத் தலபுராணப் பெயர் சூட்டினார். ஒரு குடும்பத் தலைவரின் ஐந்தாம் மனைவியின் வாய்மொழியாக அவர் அதனை அமைத்தார். ஊம்பிரீசியஸையும் தாவஸையும் பேசவிட்ட உரோமப் புலவரின் உத்தியே அது. அந்நூல் எழுந்து சில ஆண்டுகளில், 1926 இல், நாஞ்சில்நாட்டு வேளாளரின் சொத்துரிமையைத் திருத்தும் சட்டம் திருவிதாங்கூரில் வந்தது.

இத்தகைய நூல்கள் தமிழிற் சிலவே ஆனமைக்குக் காரணம் புலவரின் வாழ்வுநிலையிற் கிடக்கின்றது. பழந்தமிழ்ப் புலவர்க்கு அங்கத ஆற்றல் இல்லாமலில்லை. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய்பூசி அழகுற விளங்குகின்றன, அதியமானுடையவோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலையிற் கிடக்கின்றன என்று ஔவையார் பாடிய பாட்டு, பழிகரப்பு அங்கதத்தின் முடிமணி. பரிசில் தாழ்த்த இளவெளிமானின் காவல்மரத்திலே, குமணனிடம் பெற்ற யானையைக் கொண்டுவந்து கட்டிய பெருஞ்சித்திரனாரின் செயல், சொல்லினும் கூரிய அங்கதம். 15 ஆம் நூற்றாண்டுக் காளமேகத்தின் வசை ஆற்றலை அறியாதார் இலர். ஆயின் இவையெல்லாம் தனிப்பாடல்கள். ஒரு நாள், ஓர் அவை, ஒரு புரவலன் என்னும் எல்லைக்குள் எழுந்தவை. கொடையை நம்பி வாழ்ந்தோர்க்கு வசை இறுதிப் படைக்கலம். அதனை நாள்தோறும் எடுத்தல் இயலாது. லூசீலியஸிடம் நிலம் இருந்தது. ஹொறேஸிடம் எழுத்தர் பதவி இருந்தது. பேர்சியஸிடம் குடிச்செல்வம் இருந்தது. அதனால் அவர்கள் அங்கதத்தை ஒருநாட் சினமாக விடாது வாழ்நாட் பயிற்சியாக்கினர்.

அப்பயிற்சியே அதன் வரலாற்றில் இருபுறமும் கூர்மையுடைய ஓர் உண்மையைக் காட்டுகின்றது. லூசீலியஸுக்குப் பின் வாழும் பெரியோரைப் பெயர் சுட்டிப் பழிக்கும் துணிவு உரோமையில் தேய்ந்தது, கலைநுட்பமோ வளர்ந்தது. அடக்குமுறை கலையை வளர்க்கும் என்று இதனால் முடிவு கட்டுதல் தவறு. பேர்சியஸின் இருளும் யூவனல் கல்லறைமேல் வைத்த குறியும் அவர்கள் செலுத்திய விலை. அவ்விலையைச் செலுத்தியும் உண்மையை முற்றும் கைவிடாதிருந்தமையே அவர்தம் பெருமை.

இந்நாளிற் புரவலனை நம்பிப் பாடும் நிலை தமிழ்ப் புலவர்க்கு இல்லை. ஆசிரியராகவும் எழுத்தராகவும் உழவராகவும் தம் உழைப்பில் வாழ்வோரே பாடுகின்றனர். ஹொறேஸுக்கு வாய்த்த நிலையே இவர்க்கும் வாய்த்துள்ளது. தொல்காப்பியர் இலக்கணம் தந்துவிட்டார். கொம்புமுறிப் பாட்டு வித்தைக் காத்து வந்தது. சுப்பையனாரும் கவிமணியும் வடிவத்தைக் காட்டினர். பழிக்கும் முன் தன்னை ஒருமுறை தாவஸின் முன்னே நிறுத்திக்கொள்ளும் நெஞ்சமே இனி வேண்டுவது.